மீண்டும் ஒலிக்கும் மணி

நுழையும்முன்

கூடத்துச் சுவரில் ஓடாமல் தொங்கும் பழைய மணிக்கடிகாரத்தை இன்றும் சில வீடுகளில் காண்கிறோம். ‘கெட்டுப்போய்விட்டது’ என்று சொல்லி அதனைப் பழைய பொருள் கடைக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால், நின்றுபோன கடிகாரங்கள் அனைத்தும் பழுதானவை அல்ல. நின்றதன் காரணத்தை முறையாக ஆராய்ந்தால் அவற்றுட் பல மீண்டும் ஓடும். அவ்வாறு ஆராயும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

நாழிகை முதல் ஊசல் வரை

பொழுதை அளந்தறிவது தமிழர்க்குப் புதிதன்று. நாளொன்றை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். நீர்க்கன்னலைக் கொண்டு பாசறையில் பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது.

ஐரோப்பாவில் ஊசலின் இயல்பைக் கலிலியோ ஆராய்ந்தார். சிறிய அளவில் ஆடும் ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தைப் பொறுத்து அமையும். இவ்வுண்மையைப் பயன்படுத்தி, நெதர்லாந்து அறிஞர் கிறித்தியான் ஹைகன்ஸ் 1656ஆம் ஆண்டில் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். பிற்காலத்தில், 1861இல் ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் நகரில் தோன்றிய யுங்ஹான்ஸ், 1892இல் டோக்கியோவில் தோன்றிய செய்கோஷா முதலிய தொழிற்சாலைகள் சுவர்க்கடிகாரங்களைப் பெருமளவில் செய்தன.

உள்ளே இயங்குவன

மணியடிக்கும் கடிகாரத்தின் முகப்பில் பெரும்பாலும் இரண்டு சாவித்துளைகள் இருக்கும். ஒன்று முட்களை இயக்கும் சுருள்வில்லுக்கு உரியது. மற்றொன்று மணியடிக்கும் சுருள்வில்லுக்கு உரியது. சாவி கொடுக்கும்போது நம் கையின் ஆற்றல் சுருள்வில்லில் சேமிக்கப்படுகிறது. அவ்வாற்றல் ஒரே நொடியில் வெளியேறிவிடாதவாறு, நங்கூரம் போல் வளைந்த உறுப்பொன்று கடைசிச் சக்கரத்தின் பற்களைத் தடுத்தும் விடுத்தும் நிற்கிறது. ஊசல் ஒருமுறை சென்று திரும்புவதற்குள் ஒரு பல் நகர்கிறது. நாம் கேட்கும் ‘டிக், டிக்’ ஓசை இதனால் எழுவதாகும்.

முதலில் செவி, பின்னர்க் கை

நின்ற கடிகாரத்தைக் கண்டவுடன் திருப்புளியைத் தேடுதல் கூடாது. சாவி கொடுத்து, ஊசலை மெல்ல ஆட்டிவிட்டு, ஓசையைக் கூர்ந்து கேட்கவேண்டும். இரண்டு ஒலிகளுக்கும் இடைப்பட்ட காலம் சமமாக இருத்தல் வேண்டும். நொண்டி நடப்பவர் காலடி போல ஓசை ஏறுமாறாக ஒலித்தால், கடிகாரம் சாய்ந்து தொங்குகிறது என்பது முதல் ஐயம். பெட்டியை இடப்பக்கமோ வலப்பக்கமோ சிறிது நகர்த்திப் பார்த்தால் ஓசை சீராகும் இடம் புலப்படும். வெள்ளையடிப்பதற்காகக் கழற்றி மீண்டும் மாட்டிய கடிகாரங்கள் பல, இக்காரணத்தால் நின்றுவிடுகின்றன.

ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகட்டையும் அடுத்துப் பார்க்கவேண்டும். ஊசலைக் கழற்றாமல் கடிகாரத்தைத் தூக்கிச் சென்றால் அத்தகடு மடங்கும். சில வேளை ஒடிந்தும்போகும்.

எண்ணெயால் வரும் கேடு

இளமையில் நான் செய்த பிழையொன்றை இங்குக் கூறுதல் தகும். எங்கள் வீட்டுக் கடிகாரம் நின்றபோது, அதனுள் தேங்காயெண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். உடனே ஓடியது. வீட்டார் என்னைப் பாராட்டினர். இரண்டு திங்களில் அது மீண்டும் நின்றது. இம்முறை ஊசலை ஆட்டிவிட்டும் பயனில்லை. கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் அதனைப் பிரித்து, சக்கரங்களில் அப்பியிருந்த கருஞ்சேற்றைக் காட்டினார். “தம்பி, அழுக்கை எடுக்காமல் எண்ணெய் விட்டால், அந்த எண்ணெயே அரம் ஆகிவிடும்” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. எண்ணெயும் தூசியும் கலந்த குழம்பு, அச்சுமுனைகள் சுழலும் பித்தளைத் துளைகளைச் சிறிது சிறிதாக அராவி அகலப்படுத்துகிறது. துளை அகன்றால் அச்சு சாயும். பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தா. எனவே, முதலில் தூய்மை செய்து, பின்னரே கடிகாரத்திற்குரிய எண்ணெயை அச்சுமுனைகளில் மட்டும் துளியளவு இடவேண்டும். சக்கரப் பற்களில் எண்ணெய் இடலாகாது.

ஓர் எச்சரிக்கை: முறுக்கேறிய சுருள்வில்லோடு பொறியைப் பிரித்தல் பேரிடர் தரும். திடீரென விடுபடும் வில், விரலையும் கண்ணையும் காயப்படுத்தும். சக்கரப் பற்களையும் முறிக்கும். முறுக்கைத் தளர்த்துவதும் பொறியைப் பிரிப்பதும் தொழிலறிந்தவர் செய்யவேண்டிய பணிகளாகும்.

ஊசலின் நீளம்

ஓடத்தொடங்கிய கடிகாரம் சரியான நேரம் காட்டவேண்டுமே! ஊசல் குண்டின் அடியிலுள்ள திருகைச் சுழற்றிக் குண்டை உயர்த்தினால் கடிகாரம் விரையும், தாழ்த்தினால் தாமதிக்கும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலைக் கொண்ட கடிகாரம் நாளொன்றுக்கு 4 நிமிடம் பின்தங்கினால், ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்தினாலே போதும். ஆகவே, சிறிது திருகி, ஒரு நாள் பொறுத்து, மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். வெப்பத்தால் உலோகம் நீள்வதால், எஃகுத் தண்டுடைய ஊசல் கடிகாரம், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 நொடி பின்தங்கும். கோடையில் கடிகாரம் சற்றே தாமதிப்பது குற்றமன்று.

முள்ளும் மணியும்

மணிதோறும் அதற்குரிய எண்ணிக்கையும் அரைமணிக்கு ஒன்றுமாக, நாளொன்றுக்கு 180 முறை சுத்தியல் அடிக்கிறது. சில கடிகாரங்களில் முள் நான்கைக் காட்டும். மணியோ ஏழு அடிக்கும். இதுவும் பழுதன்று. அடிகளின் எண்ணிக்கையை, வெவ்வேறு இடைவெளியில் பள்ளங்கள் வெட்டப்பட்ட வட்டு ஒன்று இவ்வகைக் கடிகாரங்களில் முறைப்படுத்துகிறது. அது முள் இருக்கும் இடத்தை அறியாது. அடுத்த முறை எத்தனை அடிக்கவேண்டும் என்பதை மட்டுமே அறியும். மணியடித்து முடிக்கும்வரை காத்திராமல் முள்ளை வேகமாகச் சுழற்றினால் இரண்டும் பிணங்கும். பொறியிலுள்ள நெம்புகோலை மெல்ல உயர்த்தி, முள் காட்டும் எண்ணிக்கை வரும்வரை மணியை அடிக்கவிட்டால் இணக்கம் மீளும். பெரிய முள்ளைப் பின்னோக்கித் திருப்புதல் கூடாது.

அடித்த சுத்தியல் சுருள்கம்பியை விட்டு உடனே விலகவேண்டும். விலகாது தொட்டுக்கொண்டிருந்தால் நாதம் எழாது. வெறும் தட்டலே கேட்கும்.

முடிவுரை

முதியவர் சீராக்கித் தந்த அந்தக் கடிகாரம் இன்றும் எங்கள் கூடத்தில் மணியடிக்கிறது. வாரம் ஒருமுறை சாவி கொடுப்பது என் பொறுப்பு. அவர் அன்று என்னிடம் பெற்றுக்கொண்ட கூலி சிறிது, கற்பித்ததோ பெரிது. ஒரு பொருளைப் பயனற்றது என்று ஒதுக்குமுன், அது எவ்வாறு இயங்கியது, ஏன் நின்றது என்று கேட்டறிதல் நம் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் தொழிற்சொற்களைத் தொகுக்க.
2. ‘பழையன பேணல்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.