உருளைக்குள் இருப்பது என்ன?

கடற்கரையில் இரண்டு ஸ்கூபா உருளைகள் நிற்கின்றன. நிறமும் அழுத்தமானி காட்டும் அளவும் ஒன்றே. ஒன்றில் சாதாரணக் காற்று. மற்றதில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன். முகர்ந்து பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஆயினும் 30 மீட்டர் ஆழத்தில் இரண்டாவது உருளை உயிரையே பறிக்கக்கூடும். ஏன்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 வளிமண்டலம். டால்டன் விதிப்படி, ஒரு வாயுவின் பங்கை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் அதன் பகுதி அழுத்தம் கிடைக்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்: 0.21 × 4 = 0.84. மற்ற உருளையிலோ 0.5 × 4 = 2. பொழுதுபோக்காக மூழ்குவோர் கடைப்பிடிக்கும் வரம்பு 1.4 தான். அழுத்தம் மிகுந்த ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இல் தம் நூலில் விளக்கினார். நீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலுள்ள மூச்சுக் கருவி நழுவிவிடும். பிறகு மூழ்கிச் சாவதுதான்.

அப்படியானால் ஆக்சிஜனை ஏன் கூட்டுகிறார்கள்? நைட்ரஜன் குறையும் என்பதற்காகத்தான். உடலில் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது குமிழிகளாகி நோய் தரும். 32 சதவீத ஆக்சிஜன் உள்ள கலவையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் ஆழத்திற்கு எல்லை உண்டு: 1.4 ÷ 0.32 = 4.375 வளிமண்டலம். கடல்மட்டத்தின் ஒன்றைக் கழித்தால் 3.375, அதாவது சுமார் 33 மீட்டர்.

எனவே நிரப்பியவர் சொல்லை மட்டும் நம்பாமல், மூழ்குபவர் தாமே அளந்து பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவியினுள் ஈயத் தகடு கொண்ட சிறு மின்கலம் இருக்கிறது. அதை அடையும் ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்திற்கேற்ப மின்னோட்டம் பிறக்கிறது. முதலில் அதை வெறும் காற்றில் காட்டி 20.9 எனச் சரிசெய்வார்கள். பிறகு உருளையின் வாயுவை மெதுவாகச் செலுத்துவார்கள்; வேகமாகச் செலுத்தினால் அழுத்தம் ஏறி அளவு பொய்யாகும்.

கிழடான மின்கலம் காற்றில் சரியாகக் காட்டிவிட்டு, செறிவான கலவையில் குறைத்துக் காட்டலாம். ஆகவே தூய ஆக்சிஜனிலும் அதைச் சோதிப்பது நல்லது. கார்பன் மோனாக்சைடை இக்கருவி அறியாது. அதற்குத் தனிச் சோதனை தேவை. இறுதியாக, ஆக்சிஜன் சதவீதம், ஆழ எல்லை, தேதி, தம் பெயர் ஆகியவற்றை உருளைமீது எழுதி ஒட்டுவார்கள்.

மாணவர்களே, 36 சதவீதக் கலவையுடன் எவ்வளவு ஆழம் போகலாம்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். விடை 29 மீட்டரைத் தாண்டினால், கணக்கை மீண்டும் போடுங்கள்!