கண்டி டென்டருக்கு யார் யார் வரலாம்?

கண்டி குட்ஷெட் பகுதியில் கட்டப்படும் பன்முகப் போக்குவரத்து முனையம் உலக வங்கிக் கடனில் நடக்கும் வேலை. சர்வதேசக் கேள்விகோரலில் எந்த நாட்டுக் கம்பனியும் போட்டியிட வங்கியின் விதிகள் இடம்கொடுக்கின்றன. சுதந்திர வர்த்தக உடன்படிக்கை செய்தால் அரச வேலைகளை வெளிநாட்டவர் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அஞ்சுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மத்திய அதிவேகப் பாதையைப் பாருங்கள். மீரிகம – குருநாகல் பகுதியை உள்நாட்டு ஒப்பந்தக்காரர்களே கட்டி முடித்தார்கள். 2022 ஜனவரியில் அது திறக்கப்பட்டது. கடவத்த – மீரிகம பகுதி சீனக் கடன், சீனக் கம்பனி. அதே ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதும் வேலையும் நின்றது. 2025 செப்டெம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. இத்தனைக்கும் சீனாவுடன் நமக்குச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையே இல்லை. இந்தியாவின் கடன் வசதிகளிலும் பெரும்பாலும் 75 வீதப் பொருளையும் சேவையையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும். வெளிநாட்டுக் கம்பனியை உள்ளே கொண்டுவருவது பெரும்பாலும் கடன் ஒப்பந்தம்தான்.

வர்த்தக உடன்படிக்கைகள் நீண்டகாலம் அரச பெறுகையை, அதாவது அரசின் கொள்வனவுகளையும் ஒப்பந்த வேலைகளையும், தொடவில்லை. 1947 காட் உடன்படிக்கை அதை வெளியே வைத்தது. இந்தியாவுடனான 1998 உடன்படிக்கை பொருள்களோடு நின்றது. உலக வர்த்தக அமைப்பின் அரச பெறுகை உடன்படிக்கை 1996இல் நடைமுறைக்கு வந்தாலும், அதில் சேர்வது அந்தந்த நாட்டின் விருப்பம். இலங்கை 2003 முதல் அவதானி மட்டுமே. பெறுகையின் வெளிப்படைத்தன்மை பற்றி எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும் விதி செய்யும் முயற்சியும் வளரும் நாடுகளின் எதிர்ப்பால் 2004இல் கைவிடப்பட்டது. நமது நிலை மாறியது 2018இல். சிங்கப்பூருடன் கையெழுத்தான உடன்படிக்கையில் பெறுகைக்கென்றே ஓர் அத்தியாயம் இடம்பெற்றது.

இத்தகைய அத்தியாயங்களில் பொதுவாக இரண்டு விடயங்கள் இருக்கும். ஒன்று நடைமுறை: கேள்வி அறிவித்தலைப் பகிரங்கமாக வெளியிடுவது, போதிய அவகாசம் கொடுப்பது, தோற்றவர் முறையிட வழி வைப்பது. மற்றது சந்தை: எந்தத் திணைக்களம், எத்தனை பெறுமதிக்கு மேல், எவற்றுக்கு விலக்கு என்ற அட்டவணை.

முதலாவதை நாம் தயங்காமல் ஏற்க வேண்டும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த நெருக்கடிக் காலத்தில் அவசரக் கொள்வனவு வழமையானது. பின்னர் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து தொடர்பில், கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. அவசரம் என்ற பெயரில் போட்டியைத் தவிர்ப்பதற்கு இறுக்கமான வரம்பு வேண்டும். அதனால் முதலில் நன்மை பெறுபவர் கண்டி நோயாளியே.

இரண்டாவதில் அவசரம் கூடாது. அரச பெறுகை உடன்படிக்கையே தன்னில் சேரும் வளரும் நாடுகளுக்கு உள்நாட்டு விலைச் சலுகை, உயர்ந்த பெறுமதி எல்லை, படிப்படியான திறப்பு ஆகியவற்றைத் தற்காலிகமாக அனுமதிக்கிறது. அதில் பல நாடுகள் கட்டுமான வேலைக்கு வைத்திருக்கும் எல்லை 50 இலட்சம் எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). உள்ளூராட்சி சபைகளின் வீதி வேலைகளில் பெரும்பாலானவை அதற்கு வெகு கீழே. ஆகவே இந்தியாவுடன் 2023இல் மீண்டும் தொடங்கிய வர்த்தகப் பேச்சுகளில் பெறுகை மேசைக்கு வந்தால், மாகாண வீதிகளும், மாநகர சபை வேலைகளும், உள்நாட்டில் தயாராகும் மருந்துகளும் விலக்குப் பட்டியலில் இருக்க வேண்டும். அந்த அட்டவணையைக் கையெழுத்துக்கு முன்பே மூன்று மொழியிலும் வெளியிடும்படி கண்டியின் ஒப்பந்தக்காரர் சங்கங்கள் இப்போதே கேட்கலாம்.