அத்தியும் இருவாச்சியும் ஆக்கிய எரிமலைக் காடு

மயிலாப்பூர்க் கடற்கரைக்கு ஏறத்தாழ நேர்கிழக்கே, வங்காள விரிகுடாவைக் கடந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலில் நார்கொண்டம் என்னும் சிறு தீவு உள்ளது. கடலடியிலிருந்து எழுந்த எரிமலையின் மேற்பகுதியே அத்தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 6.8 சதுர கிலோமீட்டர், அதாவது கிண்டி தேசியப் பூங்காவைப் போல் இரண்டரை மடங்கு. உயரமோ 710 மீட்டர். அதற்குத் தெற்கே உள்ள பாரன் தீவு 1991 முதல் அவ்வப்போது நெருப்புக் குழம்பைக் கக்கிவர, நார்கொண்டம் உறங்கும் எரிமலையாகக் காடு போர்த்திக் கிடக்கிறது.

பெருநிலத்தோடு ஒட்டியிராத இத்தகைய தீவில் வளரும் தாவரங்களின் முன்னோர் காற்றிலோ, கடல் நீரோட்டத்திலோ, பறவை, வௌவால் ஆகியவற்றின் வயிற்றிலோதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு வந்து பெருகியவற்றுள் அத்திப் பேரினத்து மரங்கள் முதன்மையானவை. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தின் புகழ்பெற்ற ஆலமரமும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. அத்திப்பழம் என்பது உண்மையில் உட்புறமாகக் குவிந்த பூங்கொத்து என்பதாலும், அதனுள் நுழைந்து மகரந்தச் சேர்க்கை செய்யப் பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் உரிய சிறு குளவி வேண்டும் என்பதாலும், விதை மட்டும் வந்தால் போதாது, குளவியும் கடல் கடந்து வந்தாக வேண்டும். இக்காட்டின் பெருவியப்பு அதுவே.

மரத்துக்கு மரம் வெவ்வேறு காலத்தில் காய்ப்பதால் அத்தி ஆண்டு முழுவதும் உணவளிக்கிறது. அதை உண்டு வாழும் நார்கொண்டம் இருவாச்சி உலகில் வேறெங்கும் இல்லை. சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 150 என மதிப்பிடப்பட்டுள்ள அதன் அடர்த்தி, இருவாச்சிகளில் பதிவான மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று. பழத்தை விழுங்கி விதையைத் தொலைவில் விடும் அப்பறவையே அடுத்த தலைமுறை மரங்களை நடுகிறது; அது கூடு கட்டப் பெருமரத்துப் பொந்தும் வேண்டும்.

இப்பறவைக்காக 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இத்தீவில், காவல் நிலையத்தாரின் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்ததால் காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாமல் தவித்தது. பின்னர் அவை அகற்றப்பட்டன. இத்தீவில் ராடார் அமைக்கும் கடலோரக் காவல்படையின் திட்டத்தை 2012இல் மறுத்த மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. எல்லைக் கண்காணிப்பின் தேவையை எவரும் மறுக்க முடியாது. ஆயினும் கேட்கப்பட்ட நிலம் சிறிது என்பதைக்கொண்டு இழப்பும் சிறிது எனக் கருதுவது பெரும்பிழை. சரிவில் வெட்டப்படும் பாதை மண்ணரிப்பைத் தூண்டும். கட்டுமானப் பொருள்களோடு எலியும் அயற்களைகளின் விதையும் கரையேறக்கூடும். ஆகவே அங்கு இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் சோதிப்பதும், விறகுக்கு மரம் வெட்டாதபடி பணியாளர்களுக்கு எரிபொருள் வழங்குவதும், கால்நடைகள் மீண்டும் இறங்காமல் காப்பதும் அத்திட்டத்தின் செலவிலேயே சேர்க்கப்பட வேண்டும்.