'நோ டிஸ்க்'னு காட்டுதா? பழைய சி.டி பிளேயரைத் தூக்கிப் போட்டுடாதீங்க!

பரண்ல கிடந்த அப்பாவோட சி.டி பிளேயர், டிஸ்க்கைச் சுத்திப் பார்த்துட்டு 'நோ டிஸ்க்'னு கைவிரிக்குதா? 'லேசர் போச்சு'னு உடனே முடிவு கட்டாதீங்க. முதல்ல, கடையில வாங்கின ஒரிஜினல் சி.டி போட்டுப் பாருங்க. வீட்டுல ரைட் பண்ணின சி.டி-யைப் பழைய மாடல்கள் பல படிக்காது.

அதுவும் ஓடலைன்னா, பெரும்பாலும் குற்றவாளி லென்ஸ்ல படிஞ்ச தூசிதான். ட்ரேயை வெளியே வரவெச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டு மூடியைக் கழற்றுங்க. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல லேசா நனைச்ச காட்டன் பட்ஸால துடைச்சா போதும். அழுத்தக் கூடாது, லென்ஸ் நிற்கிறதே மெல்லிய கம்பிகள் மேலதான்! ட்ரே வர அடம்பிடிச்சா, ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கலாம். அதே அளவுல புதுசு மாட்டுங்க.

லேசர் யூனிட்ல இருக்கிற குட்டி ஸ்க்ரூவை மட்டும் தொடாதீங்க. பவரைக் கூட்டினா கொஞ்ச நாள் பாடும். அப்புறம் லேசர் நிஜமாவே போயிடும். மூடி திறந்திருக்கும்போது ஆன் பண்ணி லென்ஸை எட்டிப் பார்க்கவும் வேணாம். 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குச் சரியா தெரியாது, ஆனா கண்ணைப் பதம் பார்த்துடும்.