உங்களுக்குத் தெரியுமா? வைகை அணைக் கரையின் ஏமாற்றும் சேறு

வைகை அணை நீர்த்தேக்கத்தின் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டிபட்டி அருகே 1959-இல் திறக்கப்பட்ட இந்த அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. மூல வைகையோடு, முல்லைப் பெரியாறு அணையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியே வரும் தண்ணீரும் இதை நிரப்புகிறது. கட்லா, ரோகு, ஜிலேபி மீன்கள் இங்கு கிடைக்கின்றன.

நீர்மட்டம் இறங்கும் கோடையில்தான் கரை மிகவும் ஏமாற்றும். தண்ணீர் வடிந்த இடத்தில் வண்டல் மேலே காய்ந்து வெடிப்பு விட்டு, கெட்டித் தரையாகத் தோன்றும். அடியிலோ ஈரச்சேறு குழைவாகவே இருக்கும். காலை எடுத்து வைத்தால் முழங்கால் வரை புதையலாம். குளிர்நாடுகளில் வசந்த காலத் தொடக்கத்து ஏரிப் பனிக்கட்டியும் இதே வகை ஆபத்துதான்: தடிமன் குறையாதபோதும் உள்ளுக்குள் உருகி வலுவிழந்திருக்கும். இரண்டு இடத்திலும் கண்ணை நம்பக் கூடாது. நீண்ட கோலை ஊன்றி, அது இறங்காத இடத்தில் மட்டுமே அடியெடுத்து வைப்பது நல்லது. தனியாகப் போகாமல் இருப்பது அதைவிட முக்கியம்.

மழைக்காலத்தில் கவனிக்க வேண்டியது நீர்மட்டச் செய்தி. அணைக்குக் கீழே ஆற்றோரம் தூண்டில் போடுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விடப்படும். மூன்றாவது எச்சரிக்கைக்குப் பின் உபரிநீர் ஆற்றில் திறக்கப்படும்.