விமானத்தின் கொடியும் விமானியின் உரிமமும்

வானத்துக்கு வேலி கிடையாது. ஆனால் வானில் செல்லும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நாடு உண்டு. அதன் உடலில் எழுதப்பட்ட எழுத்துகளைப் பாருங்கள். 'வி.டி.' என்று தொடங்கினால் அது இந்தியாவில் பதிவானது. 'என்' என்று தொடங்கினால் அமெரிக்காவில் பதிவானது. ஐரோப்பாவிலேயே நிறுத்தப்பட்டு, ஐரோப்பியர்களாலேயே ஓட்டப்படும் 'என்' விமானங்களும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களல்லாதார் பலர் அறக்கட்டளை ஏற்பாட்டின் வழியாக அவற்றைப் பதிவு செய்கின்றனர்.

அப்படியானால் ஒரு பிரெஞ்சு விமானி அந்த விமானத்தை ஓட்டலாமா? 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் 32-ஆவது விதி இதற்கு விடை கூறுகிறது. நாடுகளுக்கிடையே பறக்கும் விமானத்தின் விமானி, அவ்விமானம் பதிவான நாடு வழங்கிய, அல்லது அந்நாடு ஏற்றுக்கொண்ட உரிமத்தை வைத்திருத்தல் வேண்டும். பிரான்ஸுக்குள் மட்டும் பறப்பதற்கு, பிரெஞ்சு உரிமம் போதும் என அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இங்கிலாந்துக்குக் கடல் கடந்தால் அது போதாது.

இதற்கென அமெரிக்க விமானத் துறையில் 61.75 என்னும் விதி இருக்கிறது. சிகாகோ உடன்படிக்கையில் சேர்ந்த நாடொன்றின் உரிமம் உடையவர், அதன் அடிப்படையில் அமெரிக்கத் தனியார் விமானிச் சான்றிதழ் பெறலாம். முதலில் அவ்வுரிமம் உண்மையானதுதானா என்று, வழங்கிய நாட்டிடம் அமெரிக்கா கேட்டறியும். இதற்கு 45 முதல் 90 நாள் வரை ஆகலாம். கிடைக்கும் சரிபார்ப்புக் கடிதம் ஆறு மாதங்களே செல்லும். அதற்குள் நேரில் சென்று சான்றிதழைப் பெற வேண்டும். ஆங்கிலத்தில் படிக்கவும் பேசவும் எழுதவும் புரிந்துகொள்ளவும் இயல வேண்டும். மருத்துவச் சான்றும் தேவை. தலைமை விமானியாகப் பறக்கும் முன், அமெரிக்கப் பயிற்றுநரிடம் குறைந்தது ஒரு மணி நேரப் பாடமும் ஒரு மணி நேரப் பறப்பும் கொண்ட மீளாய்வை முடித்திருக்க வேண்டும். இது 24 மாதங்களுக்கு ஒருமுறை வேண்டியது. அமெரிக்காவில் முகவரி இல்லாதோர், அங்கே தம் சார்பில் ஆவணங்களைப் பெறும் முகவர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது 2025-இல் வந்த விதி.

இச்சான்றிதழ் தனியே நிற்கும் மரமன்று, ஒட்டுக் கிளை. மூல உரிமம் இடைநிறுத்தப்பட்டால் இதுவும் செயலற்றுப்போகும். பறக்கும்போது இரண்டையும் கையில் வைத்திருத்தல் அவசியம். மேகத்தினுள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி வேண்டுமெனில், தனியாக ஓர் எழுத்துத் தேர்வு எழுத வேண்டும்.

இங்கேதான் வாசகர்கள் உற்று நோக்க வேண்டும். இச்சான்றிதழைக் கொண்டு கூலிக்குப் பறக்க முடியாது. "உரிமத்தை மாற்றித் தருகிறோம், வேலை உறுதி" என்று எவரேனும் பணம் கேட்டால், எந்த வகைச் சான்றிதழ் என்று வினவுங்கள். ஊதியத்துக்குப் பறக்க வணிக விமானிச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பொதுவாக 250 மணி நேரப் பறப்பு அனுபவமும் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

அமெரிக்கச் சான்றிதழ் ஒன்றே எல்லா இடத்திலும் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசித்து, அங்கிருந்தே 'என்' விமானத்தை இயக்குவோர், 2022 ஜூன் முதல் ஐரோப்பிய உரிமத்தையும் பெற்றிருக்க வேண்டும். ஆகவே விமானம் எங்கே பதிவானது, எங்கே பறக்கப் போகிறது, ஊதியத்துக்கா சொந்தத் தேவைக்கா என்ற மூன்றையும் முதலில் கேட்டறிதல் நலம். ஏறி அமர்ந்தவர்களின் உயிர் விமானியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைச் சுமக்கத் தகுதியுண்டு என்பதற்குச் சான்றாகவே இத்தனை தாள்களையும் நாடுகள் கேட்கின்றன.