‘புடிங்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பும் பொருளும்

ஆங்கிலேயரின் இனிப்புணவைக் குறிக்கும் ‘புடிங்’ என்னும் சொல் தமிழில் பரவலாகப் ‘புட்டிங்’ என எழுதப்படுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் மெய்யெழுத்து இரட்டித்து நிற்பதே இதற்குக் காரணம் எனலாம். அவ்விரட்டிப்போ மெய்யொலியின் நீட்சியைக் காட்டுவதன்று. முன்னுள்ள உயிர் குறில் என்பதை உணர்த்தும் எழுத்து மரபே ஆகும். தமிழில் உயிர்களுக்கு இடைப்பட்ட தனி டகரம் அதிர்வொலியாகவும் (பாடு), இரட்டித்த டகரம் அதிர்விலா ஒலியாகவும் (பாட்டு) ஒலிக்கும். ஆதலின் ‘புட்டிங்’ என்னும் வடிவம், ‘வைத்தல்’ எனப் பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லையே செவிக்குத் தருகிறது. அமெரிக்கரின் பேச்சில் இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஒன்றாய் ஒலிப்பது தனிச் செய்தி. பிரித்தானிய ஒலிப்பைக் கொண்டால் ‘புடிங்’ என்பதே பொருந்தும்.

முதலுயிரின் வரலாறும் கருதத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்துப் பேச்சில் குறில் உகரம் பல சொற்களில் இதழ்குவிவை இழந்து அகரச் சாயல் பெற்றது. ‘கப்’, ‘சன்’ என்பன அவ்வகையின. ‘புல்’, ‘புஷ்’, ‘புடிங்’ முதலியவற்றில் முன்னின்ற இதழொலி அக்குவிவைக் காத்தது. இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. வட இங்கிலாந்துப் பேச்சில் இம்மாற்றமே நிகழவில்லை.

பொருள் இன்னும் நெடுந்தொலைவு சென்றுள்ளது. இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொல் விலங்கின் குடலில் இறைச்சியும் கொழுப்பும் அடைத்து வேகவைத்த பண்டத்தைக் குறித்தது. பிரெஞ்சின் ‘பூதேன்’ என்பதோடு இதனை இணைப்பர்; பகர மாற்றம் நோக்கி ஐயுறுவாரும் உளர். பன்றிக் குருதியாற் செய்யப்படும் ‘பிளாக் புடிங்’ பழம்பொருளின் எச்சம். 17ஆம் நூற்றாண்டில் குடலின் இடத்தைத் துணி பிடித்தபின், மாவும் உலர்பழமும் பொதிந்து அவித்த பண்டங்கள் பெருகின. கிறிஸ்துமஸ் புடிங் அவ்வழி வந்தது. மாட்டிறைச்சி வறுவலுடன் உண்ணும் யார்க்‌ஷயர் புடிங்கில் இனிப்பே இல்லை. இன்று பிரித்தானியாவில் உணவின் இறுதியில் வரும் எவ்வினிப்பும் ‘புடிங்’ எனப்படும். அமெரிக்காவிலோ சோளமாவிட்டுக் கெட்டியாக்கிய பாற்குழைவே அப்பெயர் பெறும்.

‘புட்டு’, ‘புடிங்’ இரண்டும் அவித்த உணவுகள் என்பதால் உறவு காண முற்படுதல் பொருந்தாது. தமிழ்ச்சொல்லின் பழைய வடிவம் ‘பிட்டு’. மதுரைத் திருவிளையாடற் கதையிலும் வடிவம் அதுவே. ‘பிள்ளை’ பேச்சில் ‘புள்ளெ’ ஆவதுபோல, பகரத்தை அடுத்த இகரம் உகரமாய்த் திரிந்தே ‘புட்டு’ தோன்றிற்று. இரு மொழியிலும் இதழொலி உயிரின்மேற் செலுத்திய செல்வாக்கே இவ்வொலியொப்புமைக்கு ஒரு காரணம்.